ஒரு டர்போக் காரும் கலஹாக் கோழியும்

ஷஹ்மாவை மடவளைப் பாதையில் எல்லோரும் முந்தியிருக்கிறார்கள். பஸ், முச்சக்கர வண்டி, பால் ஏற்றும் பவுசர் லொறி, ஒருமுறை கல்யாண வீட்டுக்குக் கதிரை ஏற்றிப் போன லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்.

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் அவள் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். ஆறு வருடமாக வாப்பாவின் பழைய டீசல் வேனில்தான் போய் வருகிறாள். பொல்கொல்லை ஏற்றத்தில் அந்த வேன் இரண்டாம் கியருக்கு இறங்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு முதலாம் கியருக்கும் இறங்கும். பின்னால் வருகிறவர்கள் முதலில் ஹோர்ன் அடிப்பார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டு, வீட்டில் சுகமில்லாத ஆளைக் கடந்து போவதுபோல மெதுவாகக் கடந்து போவார்கள். காலையில் கரும்பலகையில் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், என்று எழுதுகிறவளுக்கு மாலையில் அது கிடைப்பதில்லை. ஒரே ஒருமுறையாவது அந்த ஏற்றத்தை யாரும் முந்தாமல் ஏறி முடிக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை இவ்வளவுதான்.

கட்டுகஸ்தோட்டையில் கார் வியாபாரம் செய்யும் தாஸிமின் முற்றத்தில் அந்த நீலக் கார் நின்றது. ஜப்பானிலிருந்து வந்தது. டர்போ. பொனட்டில் காற்றுக் குடிக்க ஒரு துவாரம், பின்னால் விமானத்தில் கழற்றி வந்ததுபோல ஒரு இறக்கை. ஷஹ்மா அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தாள். விலை கேட்கவில்லை, எஞ்சினின் முறுக்குவிசை எவ்வளவு என்று கேட்டாள். தாஸிமிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "நல்லா ஈக்கி தங்கச்சி" என்றான்.

வீட்டில் முடிவெடுப்பது உம்மா கைரியா. வாப்பா எதைக் கேட்டாலும் "உம்மா சரி செல்லிட்டா சரி" என்று கடைக்குப் போய்விடுவார். உம்மாவுக்கு வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை. நிறத்தைப் பற்றியும் இல்லை. சாவைப் பற்றி அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"மகள், அந்தக் காருல ஆரும் மவுத்தாகி ஈக்கா?"

"அப்பிடி ஒண்டும் இல்லயாம் உம்மா. தாஸிம் நானா சென்னார்."

"விக்கிறவன் வேற எனத்த செல்லுவான்? ஜஹானா ஊட்டு வேன் மறந்திட்டா? வாங்கி ஒரு கிழமையால சுபஹுத் தொழுகைக்கு முந்தி தானா ஹோர்ன் அடிச்சிச்சு. பொறகு தேடிப் பாத்தா அதுல ஒரு மனிசன் மவுத்தாகி ஈந்திருக்கார்."

"அது வயர் சோட் உம்மா."

"வயருக்கு எப்பிடித் தெரியும் சுபஹு நேரம்?"

இதற்குப் பௌதிகவியலில் பதில் இருக்கிறது. ஆனால் உம்மாவிடம் எடுபடக்கூடிய பதில் இல்லை.

"எனக்குக் கடுதாசி வேணும்" என்றாள் உம்மா. "சீல் குத்தின அரசாங்கக் கடுதாசி. அதுல ஆரும் மவுத்தாகல்லண்டு எழுதி ஈக்கோணும். இல்லாட்டி அந்தக் கார் நம்மட வாசலுக்கு வரப்படாது."

கடிதத்துக்கு அலைவதற்கு முன் உண்மையைத் தெரிந்துகொள்வோம் என்று ஷஹ்மா, பேராதனைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஜீவனைக் கூட்டிப் போய்க் காரைக் காட்டினாள். ஜீவன் கலஹாத் தேயிலைத் தோட்டத்துக்காரன். அவன் காரைக் கண்டதும் சிரித்தான். இடது முன் ஃபெண்டருக்குப் பக்கத்தில் குந்தி, விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினான்.

"டீச்சர், இத அடிச்சு நேராக்குனதே நான்தான். ஆறு வருஷம் இருக்கும். ஒரு டாக்டரய்யா வச்சிருந்தாரு. கலஹா ரோட்டுல எங்க லயத்துக்குக் கீழ வளைவு இருக்கு பாருங்க, அங்க கோழி ஒண்ணு குறுக்க பாஞ்சிருச்சு. அய்யா வெட்டி ஒடிச்சதுல செவத்துல ஒரசிருச்சு. எயார் பேக் கூட வெடிக்கல. சேஸி நேரா இருக்கு. தைரியமா எடுங்க."

"ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையா?"

"அய்யாவுக்கு ஒண்ணும் ஆகல. கோழிதான் போயிருச்சு. எங்க அம்மாவோட கோழி."

ஆக, காரின் முன்வரலாறு பத்து நிமிடத்தில், ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது சீல் மட்டும்.

குண்டசாலையில் 'மோட்டார் வண்டி முன்வரலாறு உறுதிப்படுத்தும் பணியகம்' இருந்தது. பாவித்த வண்டி வாங்கும் பொதுமக்கள் ஏமாறாமல் இருப்பதற்காக ஏழு வருடத்துக்கு முன் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல் கட்டடத்தின் முன் சுவரில் பாதியை மறைத்தது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே விடய எழுதுநர் யசோதினி இருந்தாள். ஷஹ்மாவின் வயதுதான் இருக்கும்.

"உக்காருங்க மிஸ். உங்க காரா?"

"இன்னும் இல்லை. வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் வரலாறு கேட்கிறேன்."

"சொந்தக்காரருக்குத்தான் வரலாறு குடுப்போம் மிஸ். காசு கட்டி உங்க பேருக்கு மாத்திட்டு வந்தா உடனே விண்ணப்பிக்கலாம்."

"வாங்கிய பிறகு எதற்கு வரலாறு?"

யசோதினி குரலைத் தாழ்த்தினாள். "நாங்களும் அதத்தான் யோசிக்கிறோம். ஏழு வருஷமா யாருமே வர்றதில்ல."

ஆனால் யசோதினி நல்ல பெண். சுற்றுநிருபங்களைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். வண்டியில் 'உண்மையான ஆர்வமுள்ள தரப்பினர்' என்று நிரூபித்தால் சொந்தக்காரர் அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் விண்ணப்பதாரியின் முன்வரலாறு தேவை. அச்சடிக்க ஒதுக்கீடு வராததால் விண்ணப்பதாரிக்கும் வண்டிக்கும் ஒரே படிவம்தான்.

ஷஹ்மா பேனாவை எடுத்தாள். முதற்பதிவு ஆண்டு என்ற இடத்தில் பிறந்த ஆண்டை எழுதினாள். எரிபொருள் வகை என்ற இடத்தில் தயங்கினாள்.

"சோறுன்னு போடுங்க மிஸ். பொருந்தாதுன்னு போட்டா திரும்பி வந்திரும்."

"இறக்குமதியா, உள்நாட்டு உற்பத்தியா?"

"நீங்க மடவளைதானே? உள்நாடு."

"இதுவரை இருந்த உரிமையாளர்கள்?"

இருவரும் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஷஹ்மா 'வாப்பா' என்று எழுதினாள். அப்படியானால் உரிமை மாற்றம் நடக்கவில்லை என்று கிராம சேவகரிடம் கடிதம் வேண்டும் என்றாள் யசோதினி. கிராம சேவகர் அதைக் கல்யாணமாகாததற்கான கடிதம் என்று விளங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததோடு நல்ல மாப்பிள்ளை ஒருவரைப் பற்றியும் சொல்லி அனுப்பினார்.

கடைசியாகச் சத்தியக்கடதாசி. வண்டியைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இங்கேதான் ஷஹ்மா பிழை விட்டாள். அளந்ததை அளந்தபடி எழுத வேண்டும் என்று ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் பழகியவள். பிழைவீதத்தைக்கூட விடாமல் எழுதுகிறவள். இடது ஃபெண்டர் நிமிர்த்தப்பட்டது என்று எழுதினாள். மனித உயிரிழப்பு இல்லை என்று எழுதினாள். அதற்குக் கீழே, கோழி ஒன்று இறந்தது என்றும் எழுதினாள்.

யசோதினி அதை வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மிஸ், இது இருக்கணுமா?"

"உண்மைதானே?"

"உண்மைங்கிறதாலதான் கேக்குறேன்."

ஷஹ்மா அழிக்கவில்லை. யசோதினி பெருமூச்சு விட்டுக் கடதாசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மாடியில் உயிரிழப்புப் பிரிவு இருந்தது. மூன்று உத்தியோகத்தர்கள், ஒரு அலுமாரி, ஒரு முத்திரை. ஏழு வருடமாக அவர்களுக்கு ஒரு கோப்பும் வரவில்லை. அந்த முத்திரை இன்னும் பொலித்தீன் உறையில் இருந்தது. கோழியின் செய்தி போனதும் மேலே கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் உத்தியோகத்தர் படியிறங்கி ஓடிவந்து, வாசலில் நின்று ஷஹ்மாவை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே ஓடினார்.

இரண்டு நாளில் தாஸிமின் முற்றத்துக்கு ஆட்கள் வந்து நீலக் காரின் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டினார்கள். 'முன்வரலாறு நிலுவையிலுள்ள வண்டி. விற்கவோ வாங்கவோ தடை.' காரை ஓட்டிக்கொண்டும் போனார்கள்.

தாஸிம் ஷஹ்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி, எனத்தியன் இது? மாசக் கடைசிக்குக் குருநாகல்லிருந்து ஒரு ஆள் காரெடுக்க வாரார் எண்டு உங்களுக்குச் சென்னேன். நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, எண்ட காரைப் புடிச்சு உள்ளுக்குப் போட்டுட்டாங்க!"

"ஒரு கோழியால நானா."

"கோழியா? கோழி கேஸுக்கு என்னைய புடிச்சிருந்தாலும் பரவாயில்ல. அது டர்போ தங்கச்சி!"

உம்மா உள்ளிருந்து தேத்தண்ணி கொடுத்தனுப்பினாள். அதோடு ஒரு கேள்வியும் வந்தது: "அந்தக் கோழி அறுத்ததா, அடிபட்டுச் செத்ததா எண்டு கேளு."

தாஸிம் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனான்.

அடுத்த வாரம் பிராந்தியப் பணிப்பாளர் பரராஜசிங்கம் ஷஹ்மாவை அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து இருபது வருடம். அவருடைய மேசையில் மூன்று தொலைபேசிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குத்தான் வயர் இருந்தது.

"இருங்கோ பிள்ளை. நீங்கள் ஒரு படிச்ச ஆள். உங்களுக்கு விளங்கும். சனம் நினைக்குது, வரலாறு எண்டால் நடந்தது எண்டு. அப்படி இல்லை. வரலாறு எண்டால் பதிஞ்சது. பதியாதது நடக்கேல்லை."

"ஆனால் சேர், ஃபெண்டரை நிமிர்த்திய மெக்கானிக்கே சொல்கிறார்..."

"அவர் பார்த்தவர். பார்த்த ஆட்களைத்தான் நாங்கள் கூடச் சந்தேகிக்கிறது. பார்க்காத ஆளுக்கு ஒரு பக்கச்சார்பும் இல்லை. எங்கட உத்தியோகத்தரைப் பாருங்கோ, ஒருத்தரும் ஒண்டையும் பார்த்ததில்லை." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "ஏழு வருஷம். எங்கட பணியகம் குடுத்த அறிக்கையில ஒரு பிழை, ஒரே ஒரு பிழை, ஆரும் காட்டட்டும்."

"எத்தனை அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள் சேர்?"

"இன்னும் ஒண்டும் குடுக்கேல்லை" என்றார் பரராஜசிங்கம். "அவசரப்பட்டால் தானே பிழை வரும்."

ஷஹ்மா தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பில் சிரிப்பு வந்தாலும் அவள் அப்படித்தான் குனிவாள்.

"எனக்கு ஒரே ஒரு வசனம் போதும் சேர். அந்தக் காரில் யாரும் இறக்கவில்லை என்று. உம்மாவுக்காக."

"அந்த வசனத்தை எப்படி எழுதுறது? கோழி ஒண்டு இருக்குதே. நீங்களே எழுதித் தந்தனீங்கள். எங்கட சட்டத்தில உயிரிழப்பு எண்டு மட்டும்தான் கிடக்கு. ஆரின்ர உயிர் எண்டு கிடக்கேல்லை."

விசாரணை தொடங்கியது. முதற்கட்டம் 'வண்டியின் நடத்தை அவதானம்'. வேகமான கார் என்பதால் பணிப்பாளரும் சேர ஐந்து பேர் கொண்ட குழு தேவைப்பட்டது. குழு காரில் ஏறி மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுக்குப் போனது. போன வழியில் வளைவுகள் எண்ணப்பட்டன. பதினேழுதான் வந்தது. ஆகவே அடுத்த வாரமும் போனார்கள். அவதானக் குறிப்பு இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் வண்டி 'உற்சாகமானது' என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பட்டியல்.

மாதக் கடைசி வந்தது, போனது. குருநாகல்காரர் வந்து, காரில்லாத முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஷஹ்மா வேனிலேயே பாடசாலைக்குப் போனாள். பால் பவுசர் முந்தியது. பவுசர் சாரதிக்கு இப்போது அவளைத் தெரியும், கையசைத்துவிட்டுப் போவார்.

இரண்டாம் கட்டம் இறந்தவரின் உரித்தாளரைக் கண்டறிவது. ஜீவனின் அம்மா மூக்காயிக்குக் குண்டசாலையிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் போனது. 'இறந்த கோழியின் மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியுடன் சமுகமளிக்கவும்.' மூக்காயி சமுகமளிக்கவில்லை. கொழுந்து பறிக்கிற நாளில் வர முடியாது, வேண்டுமானால் நீங்கள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் கட்டம் 'சம்பவ மீளமைப்பு'. விபத்து எப்படி நடந்ததோ அப்படியே, அதே வளைவில், அதே காரில், ஒரு கோழியுடன், மறுபடி செய்து பார்ப்பது. ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். விண்ணப்பதாரி நேரில் இருக்க வேண்டும் என்பதால் ஷஹ்மாவும் போனாள். ஜீவன் வந்தான். தாஸிமும் தன் காரைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று வந்திருந்தான்.

தோட்டத் தொழிலாளர் லயத்துப் படியில் மூக்காயி இடுப்பில் கைவைத்து நின்றாள். உயிரிழப்புப் பிரிவு உத்தியோகத்தர் புத்தகத்தைத் திறந்தார்.

"இறந்தவரின் பெயர்?"

"கோழிக்கு யாரு சாமி பேரு வைப்பா?"

"அடையாளம்?"

"செவப்பு. ஒரு கால் கொஞ்சம் நொண்டும்."

"உடல் எங்கே ஒப்படைக்கப்பட்டது?"

மூக்காயி உத்தியோகத்தரை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டியில. அந்த டாக்டரய்யாவே நாலு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. ஆறு வருஷம் கழிச்சு வந்து எலும்பு கேட்டீங்கன்னா நான் எங்கிட்டு போவேன்?"

உத்தியோகத்தர் 'உடல் கிடைக்கவில்லை' என்று எழுதினார்.

மீளமைப்புக்குக் கோழி ஒன்று வேண்டும். அரச நிதியில் எதை வாங்கினாலும் மூன்று விலைமனு கோர வேண்டும் என்றார் பரராஜசிங்கம். மூக்காயி லயத்தின் மூன்று காம்பரா அறைகளிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டாள். தங்கச்சி, கொழுந்தியாள், மருமகள். மூவரும் ஒரே கோழிக்கு மூன்று விலை சொன்னார்கள். ஆகக் குறைந்த விலைமனு ஏற்கப்பட்டது. கோழி நல்ல சிவப்பு. காலில் சாவியில் கட்டும் தகரத் துண்டு ஒன்று கட்டப்பட்டது. அதில் 'அரச சொத்து 1/1' என்று இருந்தது.

யார் ஓட்டுவது என்பதில் கொஞ்சம் தாமதமானது. விபத்தின்போது ஓட்டியவர் டாக்டர். அதற்கு இணையான தரத்தில் அங்கே இருந்தவர் பணிப்பாளர் ஒருவர்தான். பரராஜசிங்கம் இருபது வருடமாகப் பின் ஆசனத்திலேயே போகிறவர். சாரதி ஆசனத்தில் ஏறியதும் முதலில் பெல்ட்டை இடது பக்கம் தேடினார், பிறகு வலது பக்கம் தேடினார்.

"சேர்" என்றாள் ஷஹ்மா, கண்ணாடிக்குக் குனிந்து. "இது டர்போ. மிதித்ததும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அதற்குப் பயந்து கூட மிதிக்கக் கூடாது."

"பிள்ளை, நான் எத்தனை வாகனத்துக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறன் தெரியுமோ?"

குழுவின் மற்ற நான்கு பேரும் ஏறினார்கள். கோழி வளைவின் ஓரத்தில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் வைக்கப்பட்டது. கார் மேலேயிருந்து வந்தது, மெதுவாக. கோழி குறுக்கே பாயவில்லை. நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. கார் பின்னால் போய் மறுபடி வந்தது. கோழி இப்போது காருக்கு முதுகைக் காட்டியது.

"சாட்சி ஒத்துழைக்கேல்லை எண்டு எழுதுங்கோ" என்று பரராஜசிங்கம் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

மூன்றாம் தரம் மூக்காயிக்குப் பொறுக்கவில்லை. பாதையின் மறுபக்கம் போய் நின்று, மடியிலிருந்து அரிசியை எடுத்துத் தூவி, "பா... பா... பா..." என்றாள்.

கோழி பாய்ந்தது.

பரராஜசிங்கம் மிதித்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே அவர் இன்னும் மிதித்தார். பிறகு டர்போ விழித்தது. கார் கோழியைத் தாண்டி, சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி, ஆறு வருடத்துக்கு முன் டாக்டர் உரசிய அதே சுவரில் அதே இடது ஃபெண்டரைக் கொண்டுபோய் அழுத்தி நின்றது. இந்த முறை உரசலாக இல்லை. ஃபெண்டர் மடிந்து டயரைத் தொட்டது.

சுவருக்கு மேலே இருந்து கோழி பார்த்தது.

உள்ளே இருந்த ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. தாஸிம் தலையில் கை வைத்துக்கொண்டு நடுப் பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூக்காயி எட்டிப் பார்த்து, "இப்பதான் சரியா வந்திருக்கு. அன்னைக்கும் இப்பிடித்தான்" என்றாள்.

ஷஹ்மா மடிந்த ஃபெண்டரைப் பார்த்தாள். ஏழு மாதமாக ஒரு வசனத்துக்காக நடந்தது எல்லாம் அந்த மடிப்பில் இருந்தது. அந்தக் கோழியை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தாள். அழுகை வரும்போல இருந்தது. ஜீவன் பக்கத்தில் வந்து குந்தி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"சேஸில படல டீச்சர். ஃபெண்டர் மட்டுந்தான். இந்த எடம் எனக்கு மனப்பாடம்."

புரட்டாதியில் அறிக்கை வந்தது. பணியகத்தின் முதலாவது அறிக்கை. உயிரிழப்புப் பிரிவின் முத்திரை பொலித்தீன் உறையிலிருந்து எடுக்கப்பட்டு நான்கு இடத்தில் குத்தப்பட்டிருந்தது. ஒன்று தலைகீழாக. ஷஹ்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

'ஒன்று. குறித்த வண்டி கோழியொன்றுடன் தொடர்புபட்டது. இரண்டு. மீளமைப்பின் முடிவில் கோழி உயிருடன் இருப்பதை ஐந்து பேர் கொண்ட குழு நேரில் கண்டது. ஆகவே இவ்வண்டியால் எந்த உயிரிழப்பும் நிகழவில்லை. மூன்று. சுவருடனான மோதல், பணியகத்தின் கடமை நேரத்தில் நடந்ததால் வரலாறாகக் கொள்ளப்படமாட்டாது. நான்கு. இரண்டாம் முடிவு கோழியின் உயிரில் தங்கியிருப்பதால், கோழி விண்ணப்பதாரியின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறது. வருடந்தோறும் தை மாதம் கோழியை நேரில் சமர்ப்பித்து உயிர்வாழ்தல் சான்றிதழ் பெற வேண்டும்.'

உம்மா கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சீல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ஆரும் மவுத்தாகல்ல எண்டு ஈக்கா?"

"ஈக்கி உம்மா."

"கோழி?"

ஷஹ்மா கூடையைத் திறந்தாள். கோழி தலையை நீட்டி உம்மாவைப் பார்த்தது.

"பாத்தியா" என்றாள் உம்மா. "சும்மா அந்தக் கராஜ் பொடியன் செத்துப் போச்சு செத்துப் போச்சு எண்டு செல்லித் திரிஞ்சிரிக்கான். முறையா விசாரிச்சா எல்லாம் சரியா வரும்."

முகம் மடிந்த காரைக் குருநாகல்காரருக்கும் விற்க முடியாது, வேறு யாருக்கும் விற்க முடியாது. தாஸிம் சந்தோஷமாகவே ஷஹ்மாவிடம் கொடுத்தான். ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். இனி அவள் தன் முற்றத்தில் எதைப் பற்றியும் கேள்வி கேட்கக்கூடாது. ஜீவன் ஒரு கிழமையில் ஃபெண்டரை நிமிர்த்தி நீலம் பூசினான். பழைய இடம் எது, புதிய இடம் எது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆனால் கார் வந்த பிறகும் ஷஹ்மா ஏற்றத்தில் வேகமாகப் போகவில்லை. உம்மா விடவில்லை. அரசாங்கம் கொடுத்த கடிதம் அந்தக் கோழியில் தொங்குகிறது, கோழியோ கொல்லைப் பக்கத்தில் கட்டியிருக்கிறது, ஏற்றத்திலிருந்து கேட்கும் டர்போ சத்தத்துக்கு அது திடுக்கிட்டுச் செத்துவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும், கடிதம் பொய்யானால் கார் மவுத் நடந்த கார் ஆகிவிடும். உம்மா இதை ஒரு தேற்றம்போல வரிசையாகச் சொன்னாள். பிழை கண்டுபிடிக்க ஷஹ்மாவால் முடியவில்லை. முதலில் சான்றிதழ் வரட்டும், பிறகு பார்ப்போம் என்பது உம்மாவின் முடிவு. அதுவரை மூன்று மாதம் ஷஹ்மா நீலக் காரை வேனைப்போலவே ஓட்டினாள். பால் பவுசர் சாரதி கையசைப்பதை நிறுத்தவில்லை.

தை மாதம் இரண்டாம் திகதி காலையில் குண்டசாலைக்குப் புறப்பட்டார்கள். உம்மா முன் ஆசனத்தில், மடியில் கூடை. முப்பதுக்கு மேல் ஊசி ஏறவில்லை. பஸ் முந்தியது. பள்ளிக்கூட வேன் முந்தியது. அதன் பின் கண்ணாடியில் பிள்ளைகள் மூக்கை அழுத்தி, இறக்கை வைத்த நீலக் கார் ஊர்ந்து வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். கோழி முட்டையிட்டது. உம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள்.

கவுண்டரில் யசோதினி கோழியையும் கோப்பில் ஒட்டியிருந்த அதன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காலிலிருந்த தகரத்தின் இலக்கத்தைச் சரிபார்த்தாள்.

"முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க மிஸ்."

ஷஹ்மா திருப்பினாள். சீல் விழுந்தது. கோழி இவ்வருடம் மார்கழி முப்பத்தோராம் திகதி வரை உயிருடன் இருப்பதாக இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது என்று அதில் இருந்தது.

திரும்பி வரும்போது பொல்கொல்லையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. முன்னால் பால் பவுசர் போய்க்கொண்டிருந்தது. சாரதி பக்கக் கண்ணாடியில் நீலக் காரைக் கண்டு, வழக்கம்போல வெளியே கை நீட்டி அசைத்தார்.

ஷஹ்மா பவுசரைப் பார்த்தாள். மறுபக்கப் பாதை உச்சி வரை வெறுமையாகத் தெரிந்தது. பிறகு உம்மாவைப் பார்த்தாள்.

"கோழி பயப்பிடும் மகள்" என்றாள் உம்மா.

"கடுதாசி ஈக்கி உம்மா. மார்கழி வரைக்கும் அதுக்கு ஒண்டும் ஆகாது."

உம்மா கடிதத்தை எடுத்து விரித்தாள். சீலைப் பார்த்தாள். திகதியைப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு கூடையின் மூடியை அழுத்திப் பிடித்து, மறு கையால் தன் பெல்ட்டை இழுத்து ஒருதரம் சரிபார்த்தாள்.

"அப்ப போ."

ஷஹ்மா மிதித்தாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அவள் அமைதியாக இருந்தாள். பிறகு நடந்தது.